உவர்க்காற்றில் உலரும் அணையாடை



கற்பிட்டிக்கு வடக்கே, ஒருபுறம் திறந்த கடலும் மறுபுறம் களப்பும் சூழ, ஒடுங்கிய மணற்றிட்டாக நீண்டு கிடப்பது உச்சமுனை. மீன்பிடித்து வாழ்வோரின் ஊர். படகேறியே அங்கு செல்லுதல் வேண்டும். நகரத்து வீடுகள் பலவற்றில் இன்று சலவை இயந்திரம் சுழல்கின்றது. அத்தகைய கரையோர ஊரிலே, பிள்ளை பெற்ற வீட்டில், வாளியும் இரு கைகளுமே இயந்திரம். பச்சிளங் குழந்தையோ நாளொன்றுக்குப் பத்துத் துணிக்குக் குறையாமல் நனைத்துவிடும். துணி துவைப்பது பெண்கள் அறிந்த வேலைதானே, இதிலே பேச என்ன உண்டு என்று ஆடவர் சிலர் வானொலியை மூட எண்ணலாம். சற்றுப் பொறுங்கள்; உங்களுக்கும் இதிலே பங்குண்டு.

முதலிலே தண்ணீரைப் பார்ப்போம். நன்னீர் உவர்நீரிலும் இலேசானது. ஆகவே மணற்கரைகளில் பெய்யும் மழைநீர் நிலத்தின் கீழே உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தாலோ, அடியிலிருந்து உவர் 40 அடி ஏறிவிடும்! ஆழமற்ற கிணற்றிலே சிறிது சிறிதாக மொள்ளும் பழைய வழக்கம் எத்துணை அறிவுடையது என்பது இதனால் விளங்கும்.

உவர்நீரிலே சவர்க்காரம் நுரைப்பதில்லை. நீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு கூடி, வெண்ணிறப் பிசுக்காகத் துணியிலே படிகின்றன. நுரை வரவில்லையே என்று மேலும் சவர்க்காரத்தைத் தேய்த்தால் பிசுக்குத்தான் பெருகும். துணி மொரமொரப்பாகிக் குழந்தையின் தொடையிடுக்கைப் புண்ணாக்கும். உப்புத் தங்கிய துணிக்கு வேறொரு குணமும் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பகல் முழுதும் வெயிலிற் கிடந்தாலும் மாலையில் தொட்டால் ஈரமாயிருக்கும்.

ஆகவே நீரைப் பங்கிடும் முறையே இங்கு முக்கியமானது. மலத்தை வழித்தெறிந்து, முதல் அலசலை உவர்க்கிணற்று நீரிலே செய்யலாம். கிணற்றடியிலன்று, சற்றுத் தொலைவில். சவர்க்காரம் இட்டுத் துவைப்பதும், கடைசியாக இருமுறை அலசுவதும் நன்னீரில். அக்கடைசி அலசல் நீரை ஊற்றிவிடாமல் அடுத்த துணிகளை ஊறவைக்க வைத்துக்கொள்ளலாம். நீர் போதாத நாளில் பலர் குறைப்பது அலசலைத்தான். அது தவறு. சவர்க்காரத்தைக் குறையுங்கள், அலசலைக் குறையாதீர்கள்.

இயந்திரம் இருந்தால் இக்கவலை இல்லை என்று எண்ணவும் வேண்டாம். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகர மருத்துவமனையொன்றிலே பச்சிளங் குழந்தைகள் ஒன்பது பேர் வியர்த்துக்கொட்டி நோயுற்றனர், இருவர் மாண்டனர். சலவையின்போது சேர்த்த கிருமிகொல்லி அணையாடைகளிலே தங்கி, தோல் வழியே உடலிற் சென்றிருந்தது.

உலர்த்துவதிலும் கவனம் வேண்டும். வெயிலுக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உண்டு. அது காசின்றிக் கிடைக்கும் மருந்து. ஆனால் கருவாடு காயும் பரணுக்கு அருகிலே கொடி கட்டலாகாது. அங்கு மொய்க்கும் ஈ இங்கும் வந்து உட்காரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் உப்புத் துவலையும் பறந்துவரும். குடிசையின் மறைவிலே கொடியைக் கட்டி, எடுக்கும்போது நன்றாக உதற வேண்டும். பிள்ளைச் சீலையை அந்திக்குமேல் வெளியில் விடாதே என்று பாட்டிமார் சொல்வர். பேய்க்கு அஞ்சிச் சொன்னார்களோ என்னவோ, கடற்கரைப் பனி உவர்ப்பீரத்தைத் துணியில் ஏற்றும் என்பது மெய். பாட்டனாரின் பழைய வேட்டியைக் கிழித்து முதற்சீலையாக்குவதும் நல்ல வழக்கமே. பலநாள் துவைத்து மெதுவான பருத்தியல்லவா அது!

ஆனால் அந்த வேட்டி எங்கே கிடந்தது என்று கேளுங்கள். பெட்டியிலே பூச்சி உருண்டையோடு கிடந்ததாயின், அதைக் குழந்தைக்கு உடுத்த வேண்டாம். அவ்வுருண்டையிலுள்ள நப்தலீன் நீரிற் கரைவதன்று. ஆகவே துவைத்தாலும் முற்றாகப் போகாது. குழந்தையின் உடம்பிலே எண்ணெய் பூசியிருந்தால் அது தோலினூடே எளிதாகச் செல்லும். செங்குருதிக் கலங்களைக் காக்கும் நொதியமொன்று பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் சிலர் உளர். பெரும்பாலும் ஆண் குழந்தைகள். 1956ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இக்குறை, மலேரியா நெடுங்காலம் நிலைத்த நாடுகளிலே மிகுதி. நம் நாடு 2016ஆம் ஆண்டில் மலேரியா ஒழிந்த நாடெனச் சான்று பெற்றது. எனினும் பரம்பரையாக வந்த குறை அதனோடு போய்விடவில்லை. இத்தகைய குழந்தைக்கு நப்தலீன் பட்டால் குருதிக் கலங்கள் சிதைந்து மஞ்சட்காமாலை கடுமையாகும், மூளையையும் தாக்கும்.

ஆடவரே, உங்கள் பங்கு இதுதான். துடக்கு நாட்களில் நன்னீர்க் குடத்தைச் சுமப்பது பிள்ளை பெற்றவளின் வேலையன்று. படகு கரைக்கு வந்ததும் நீங்களே மொண்டு வையுங்கள். குழந்தையின் கண்ணிலோ உள்ளங்காலிலோ மஞ்சள் தெரிந்து, பால் குடியாமல் அது சோர்ந்து கிடந்தால், காற்று அடங்கட்டும், விடியட்டும் என்று காத்திராமல் வழியுள்ள விரைவிலே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். எந்தப் பெட்டியிலிருந்த துணியை உடுத்தினீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறவாமற் சொல்லுங்கள்.