சொல்லாமற் சொல்லும் விளம்பரங்கள்



இழிசொல் கூறி நம்மைத் தாழ்த்துவோரை எளிதில் அறிந்துகொள்கிறோம். ஒரு சொல்லும் தவறிக் கூறாமல் தாழ்த்துவோரை அறிவதற்கே கல்வி வேண்டியிருக்கிறது. அமெரிக்கத் தேர்தல் விளம்பரங்கள் இரண்டை இங்கு எடுத்துக்கொள்வோம்.

1988-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில், புஷ்ஷின் ஆதரவுக் குழு ஒன்று டுகாகிஸுக்கு எதிராகத் தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டது. டுகாகிஸ் ஆளுநராயிருந்த மாசசூசெட்ஸில் சிறைவிடுப்பில் சென்று திரும்பாத கொலைக் கைதி ஒருவன், 1987-இல் மேரிலாந்தில் கொடுஞ்செயல் புரிந்தான். குற்றம் உண்மையே, அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் 'கறுப்பர்' என்ற சொல் விளம்பரத்தில் இல்லை. அவனுடைய நிழற்படமே போதுமானதாயிற்று. அவ்விடுப்பு முறை 1972-இல், புஷ்ஷின் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் காலத்தில் தோன்றியது என்பதை விளம்பரம் கூறவில்லை.

1990-இல் வட கரோலினா செனட் தேர்தலில் ஜெசி ஹெல்ம்ஸை எதிர்த்து நின்றவர் ஹார்வி காண்ட். நீதிமன்றம் சென்று, 1963-இல் கிளெம்சன் கல்லூரியில் சேர்ந்த முதற் கறுப்பின மாணவர் அவர். பின்னர் சார்லட் நகர மேயரானவர். ஹெல்ம்ஸின் விளம்பரத்தில் வெள்ளைக் கைகள் இரண்டு ஒரு கடிதத்தைக் கசக்குகின்றன. வேலைக்குத் தகுதி உமக்கே இருந்தது, ஒதுக்கீட்டினால் சிறுபான்மையினருக்குப் போயிற்று என்கிறது ஒரு குரல். ஹெல்ம்ஸ் வென்றார். அந்தக் காகிதம் கசங்கும் ஓசை நமக்குப் புதிதன்று. நம் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று, 'தகுதி' என்ற சொல் நம் காதில் விழும்படி எத்தனை இடங்களில் உச்சரிக்கப்பட்டது! பெற்றோர்களே, நீங்கள் அறிவீர்கள்.

தென் மாநிலத்தார் அப்படித்தான் என்று வட மாநிலத்தார் சிலர் இதைத் தள்ளிவிடுவர். அதுவும் ஒருவகை முத்திரையே. மார்ட்டின் லூதர் கிங் 1966-இல் கல்லடி பட்டது வடக்கேயுள்ள சிகாகோவில். காண்டுக்கு வாக்களித்த, நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பத்தேழு பேரும் அதே தென் மாநிலத்தவரே. 'சாதி கிராமத்தில்தான்' என்று சொல்லிக்கொள்ளும் நம் நகரத்து நண்பர்களும் இதே வசதியைத் தேடுகின்றனர்.

அடுத்த தேர்தலின்போது நம் இரவுப் பாடசாலை மாணவர்கள் சுவரொட்டிகளையும் துண்டறிக்கைகளையும் சேகரித்து வைக்க வேண்டுகிறோம். ஒரு பத்தியில் அவை சொன்னதையும், எதிர்ப்பத்தியில் அவை காட்டியதையும் எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள். பாட்டிமாரும் எழுத்துக்கூட்டிப் படிக்க வருகிறார்கள்.