ஒரு சிறுமி சொன்ன சொல்



எங்கள் பங்கில் ஒரு தாய் ஒருநாள் திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்தார். அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் கிறிஸ்தவப் பிள்ளை. பக்கத்தில் உட்காரும் தோழியின் அப்பா நோயுற்று மருத்துவமனையில் இருந்தார். “அழாதே, எங்கள் வீட்டுச் செபமாலையில் உன் அப்பாவுக்காக வேண்டிக்கொள்கிறேன்” என்று இவள் சொல்லியிருக்கிறாள். தாய்க்கு அதுவே கவலை. “அவருக்குக் குணமாகவில்லை என்றால் அந்தப் பிள்ளையின் முகத்தில் இவள் எப்படி விழிப்பாள், ஃபாதர்? பள்ளியில் இதெல்லாம் பேசாதே என்று சொல்லிவிடட்டுமா?” என்று கேட்டார்.

எனக்கு அரசர்கள் இரண்டாம் நூலின் ஐந்தாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. சிரியா நாட்டுப் படைத்தலைவர் நாமான் தொழுநோயாளி. அவருடைய வீட்டில், இஸ்ரயேலிலிருந்து பிடித்து வரப்பட்ட ஒரு சிறுமி பணிவிடை செய்துகொண்டிருந்தாள். அவளுடைய பெயரை விவிலியம் நமக்குச் சொல்லவில்லை. ஊரையும் உறவையும் இழந்தவள். எசமானருக்கு நோய் வந்தது நல்லதுதான் என்று அவள் நினைத்திருக்கலாம். ஆனால் அவள் தன் எசமானியிடம், சமாரியாவில் ஓர் இறைவாக்கினர் இருக்கிறார், அவரிடம் போனால் எசமானரின் நோய் நீங்கும் என்று சொன்னாள். நாமான் புறப்பட்டுப் போனார். எலிசாவின் சொல்லைக் கேட்டு யோர்தானில் ஏழுமுறை மூழ்கினார், நலமடைந்தார். நாசரேத்து தொழுகைக்கூடத்தில் நம் ஆண்டவரே இந்த நாமானை நினைவுகூர்கிறார். இதற்கெல்லாம் தொடக்கம் ஒரு சிறுமியின் சொல்.

அந்தச் சிறுமி யாரோடும் வாதம் செய்யவில்லை. நாமான் வணங்கிய தெய்வத்தைப் பழிக்கவும் இல்லை. அடுத்தவருடைய துன்பத்தைக் கண்டாள், தனக்குத் தெரிந்த நம்பிக்கையைச் சொன்னாள். நம்பிக்கையைப் பகிர்வது என்றால் இதுதான், அன்பர்களே.

நம் காலத்திலும் இப்படி ஒரு பிள்ளை வாழ்ந்தான். இத்தாலியின் மிலான் நகரில் வளர்ந்த கார்லோ அகுதிஸ், 2006-ஆம் ஆண்டு தன் 15-ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தான். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவனைப் புனிதராக அறிவித்தார். நற்கருணைப் புதுமைகளைத் திரட்டி அவன் உருவாக்கிய இணையதளத்தை உலகம் அறியும். ஆனால் வகுப்பில் மற்றவர்களின் கேலிக்கு ஆளான பிள்ளைகளின் பக்கம் நின்றவனும் அவனே. பெற்றோர் பிரிந்துபோனதால் தவித்த நண்பர்களுக்குத் துணையாக இருந்தவனும் அவனே. அவன் நற்கருணை முன் முழந்தாளிட்டதும் நண்பனின் அருகில் உட்கார்ந்ததும் ஒரே அன்பினால்தான்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “பிள்ளையைத் தடுக்காதீர்கள். கட்டாயம் குணமாகிவிடும் என்று மட்டும் அவள் வாக்குக் கொடுக்க வேண்டாம். கடவுள் உன்னை விடமாட்டார், நானும் உன்னோடு இருப்பேன் என்று சொல்லட்டும்.”

சில வாரங்களில் அந்தத் தந்தை இறந்துபோனார். இவள் தாயோடு அந்த வீட்டுக்குப் போனாள். என்ன பேசுவதென்று தெரியாமல் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோழி பள்ளிக்கு வராத நாள்களில் அவளுக்கும் சேர்த்துப் பாடங்களை எழுதி வைத்தாள். பிறகு ஒருநாள் அந்தத் தோழியே கேட்டாளாம்: “உங்கள் வீட்டில் இன்னும் எங்கள் அப்பாவுக்காகச் செபிக்கிறீர்களா?” அந்த வீடு இன்றுவரை கோவிலுக்குப் போகும் வீடுதான். ஆனால் கிறிஸ்துவின் அன்பு அந்த வாசலுக்குள் போய் வந்திருக்கிறது.

பெற்றோரே, நம்மில் பலர் பிள்ளைகளுக்குச் செபங்களை மனப்பாடமாகக் கற்றுக்கொடுக்கிறோம். அந்தச் செபம் வீட்டு வாசலைத் தாண்டும்போது ஏனோ அஞ்சுகிறோம். இன்று இரவு குடும்பச் செபத்தில் உங்கள் பிள்ளையிடம், “உன் வகுப்பில் யாருக்காக வேண்டிக்கொள்ளலாம்?” என்று கேளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். மறுநாள் மாலை, “அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது?” என்று மறக்காமல் விசாரியுங்கள்.

பிள்ளைகளே, நீங்கள் பிரசங்கம் செய்ய வேண்டாம். மதிய உணவுக்கு முன் கூச்சப்படாமல் சிலுவை அடையாளம் வரையுங்கள். பிறகு, தனியாகச் சாப்பிடும் பிள்ளையின் அருகில் போய் உட்காருங்கள். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக. ஆமென்.