காணாமற்போன மகவும் காத்திருக்கும் இல்லமும்



மகவை மரணத்தால் இழந்த இல்லத்திற்குத் துக்கங் கேட்கச் செல்லுதற்கு நமக்கு நாளும் முறையும் உண்டு. மகவு காணாமற்போன இல்லத்திற்கோ அத்தகைய முறை யாதும் இல்லை. முதல் வாரத்தில் ஊரே திரண்டு தேடும். ஆண்டுகள் சில சென்றபின் அவ்வாயிலை மிதிப்பார் இலர். அவ்வில்லத்தார்பால் நமது கடமை யாதென்பதே ஈண்டு யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இறந்தாரை எண்ணி அழலாம். இருப்பாரை எண்ணி மகிழலாம். இரண்டில் எதுவென்று அறியாதார் என் செய்வர்? திதி கொடுக்க நாளில்லை. பிறந்தநாள் கொண்டாட மனமில்லை. வியட்நாம் போரிற் காணாமற்போன வீரர்தம் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர், இந்நிலைக்குத் ‘தெளிவுறா இழப்பு’ எனப் பொருள்படும் பெயரிட்டார். இத்துயர் முடிவுறாமை அதன் இயல்பேயன்றித் துயருறுவார்தம் குறையன்று என்பது அவர் கொள்கை.

சட்டமும் ஒரு கணக்கு வைத்துளது. ஒருவரைப்பற்றி அவர்தம் உற்றார் ஏழாண்டுகள் யாதொரு செய்தியும் கேளாராயின், அவர் உயிரோடுள்ளார் என்பாரே அதனை மெய்ப்பித்தல் வேண்டுமென 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்தது. 2024 ஜூலை முதல் அதற்கு ஈடாக வந்த சட்டமும் அவ்வாறே கூறுகின்றது. இக்கணக்குச் சொத்து வழக்கிற்குப் பயன்படும். பெற்ற வயிற்றிற்குப் பயன்படுமோ? 1979 மே 25ஆம் நாள் நியூயார்க் நகரில் பள்ளிப் பேருந்தை நாடித் தனியே நடந்த ஆறு வயதுச் சிறுவன் திரும்பவில்லை. 2001இல் நீதிமன்றம் அவனை இறந்தவனாக அறிவித்தது. அதன்பின்னும் பெற்றோர் பல்லாண்டு அதே வீட்டில், அதே தொலைபேசி எண்ணுடன் வாழ்ந்தனர்.

இனி நம்மவர் நிலையை நோக்குவோம். பன்னிரண்டாண்டு கழிந்ததும் தருப்பையால் உருவஞ் செய்து எரியூட்டிக் கருமம் முடிக்குமாறு வற்புறுத்துவார் உளர். பெற்றோர் தாமே விரும்பின் உடனிருந்து செய்விப்போம். விரும்பாராயின் வாய் திறவாதிருப்போம். பெண் கேட்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் செல்வார், “பிள்ளைகள் எத்தனை பேர்?” என்று வினவுகின்றனர். மூவரென்றால் மூன்றாமவர் எங்கே என்பர். இருவரென்றால் பெற்றவள் தன் வாயாலேயே மகவைக் கொன்றவளாவாள். விடயம் அறிந்த உறவினர் முன்னரே எடுத்துரைத்து, அவ்வினா எழாமற் காத்தல் வேண்டும். வாயிலைக் கடக்கவும் விடப்படாது வளரும் உடன்பிறந்த சிறாரையும் நம் பிள்ளைகளோடு அழைத்துச் சென்று திரும்பக் கொணர்ந்து விடுவோமாக.

பெண் மகவாயின் குடிப்பழி அஞ்சி மறைப்பாரும் உளர். மறைத்த நாளே பின்னாளில் நெஞ்சை அறுக்கும் வாளாகும். குழந்தை காணவில்லை என்னும் முறையீடு ஒவ்வொன்றையும் காவலர் வழக்காகப் பதிதல் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டது. 1098 என்னும் எண்ணும் உண்டு. அன்றே முறையிடுக.

அன்பர்காள்! “மறந்துவிடுங்கள்” என்னும் சொல்லை நம் நாவினின்று நீக்குவோம். அம்மகவின் பெயரை அவ்வில்லத்தில் அஞ்சாது சொல்வோம். அப்பெயரைக் கேட்பதே அவர்க்கு ஆறுதல்.