தேர்தல் செலவை யார் கொடுப்பது?

(தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தேர்தலைப் பற்றிப் பேசும்படி கமிட்டியார் என்னைப் பணித்திருக்கிறார்கள். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. அது உங்கள் மனச்சாட்சியைப் பொறுத்தது. நான் பேச வந்தது பணத்தைப் பற்றி. நம் குறையைச் சட்டசபையில் எடுத்துச் சொல்ல ஒருவரை நாம் நிறுத்துகிறோம் என்று வையுங்கள். அவருடைய செலவை யார் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு நாம் விடை சொல்லாவிட்டால், நமக்காக வேறொருவர் விடை சொல்லிவிடுவார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு நின்றவர்கள் கட்டிய வைப்புத் தொகை 10,000 வெள்ளி. சட்டமன்றத்துக்கு 5,000 வெள்ளி. விழுந்த ஓட்டில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. அதற்கு மேல் துண்டறிக்கை, பதாகை, ஒலிபெருக்கி, வண்டி, பெட்ரோல், சாப்பாடு. நாடாளுமன்றத் தொகுதியில் ஒருவர் 200,000 வெள்ளி வரையிலும், சட்டமன்றத் தொகுதியில் 100,000 வெள்ளி வரையிலும் செலவு செய்யலாம் என்று தேர்தல் குற்றச் சட்டம் வரம்பு கட்டியிருந்தது.

இந்தத் தொகையைக் கேட்டதும் மரம் சீவுகிறவர் என்ன நினைப்பார்? "இது நம்மால் ஆகிற காரியமில்லை. பணமுள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்றுதான் நினைப்பார். பணமுள்ளவரும் உடனே வருவார். நிலம் வாங்கி விற்கிறவர் ஒருவர் வந்து, "கவலைப்படாதீர்கள், செலவு முழுவதும் என்னுடையது" என்பார். நாம் கைதட்டுவோம். மாலை போடுவோம். நம் ஆளும் ஜெயித்துவிடுவார்.

பிறகு ஒரு நாள் தோட்டம் கைமாறும். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீசு வரும். நாம் குழந்தை குட்டிகளோடு அந்த உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நிற்போம். நோட்டீசு அனுப்பியவர் யார்? அன்று செலவை ஏற்றுக்கொண்ட அதே மனிதர்! அவர் உள்ளே நாற்காலியில் அமர்ந்திருப்பார். உறுப்பினர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, சகோதரர்களே. நல்லவராகவே இருக்கட்டும். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று நாமே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். உப்பிட்டவர் யார் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி நமக்கு முன்பே பிரிட்டனிலே தொழிலாளருக்கு வந்தது. அங்கே 1911 வரை நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளமே கிடையாது. சொத்துள்ளவன்தான் போய் உட்கார முடியும். நிலக்கரிச் சுரங்கத்தில் சிறு வயதிலேயே வேலைக்குப் போன கீர் ஹார்டி போன்றவர்கள் சபைக்குப் போனால் வயிற்றுப் பாட்டுக்கு என்ன செய்வது? 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொழிற்சங்கத்தாரும் சோசலிஸ்டுகளும் லண்டனில் கூடி, தொழிலாளர் பிரதிநிதித்துவக் கமிட்டி ஒன்றை அமைத்தார்கள். அதில் சேரும் சங்கம் ஆயிரம் அங்கத்தினருக்கு ஆண்டுக்குப் 10 ஷில்லிங் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு ஒரு பென்னி! அந்த ஆண்டுத் தேர்தலில் இரண்டே பேர் ஜெயித்தார்கள். ஒருவர் கீர் ஹார்டி.

அடுத்த ஆண்டிலேயே அடி விழுந்தது. வேல்ஸ் நாட்டில் டாஃப் வேல் ரயில் கம்பெனியில் 1900இல் வேலை நிறுத்தம் நடந்தது. கம்பெனிக்கு ஏற்பட்ட நஷ்டத்தைச் சங்கமே கொடுக்க வேண்டும் என்று 1901இல் தீர்ப்பாயிற்று. 23,000 பவுன் நஷ்ட ஈடு. வேலை நிறுத்தம் செய்தால் சங்கத்தின் பெட்டியே காலியாகும் என்ற நிலை. நியாயம் கேட்கச் சட்டத்தை மாற்ற வேண்டும். சட்டத்தை மாற்ற ஆள் வேண்டும். ஆளுக்குச் சோறு வேண்டும். அப்போதுதான் பிரிட்டிஷ் தொழிலாளி விழித்தான். 1903 மாநாட்டில், அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பென்னி கொடுப்பது, சபைக்குப் போகிறவருக்கு அதிலிருந்து ஆண்டுக்கு 200 பவுன் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

கிராணிமார் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. 240,000 பேர் ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்தால் 1,000 பவுன். அதை வைத்து ஐந்து பேரை ஓராண்டு சபையில் உட்கார வைக்கலாம். 1906 தேர்தலில் 29 பேர் ஜெயித்து வந்தார்கள். அந்த ஆண்டிலேயே வேலை நிறுத்தத்துக்காகச் சங்கத்தின் பணத்தில் கை வைக்க முடியாதபடி புதுச் சட்டம் வந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நாம் படிக்க வேண்டிய பாடமும் பின்னால்தான் இருக்கிறது. ரயில்வேத் தொழிலாளர் சங்கத்தின் ஒரு கிளைக் காரியதரிசி, ஆஸ்பர்ன் என்பவர், "நான் ஆதரிக்காத கட்சிக்கு என் சந்தாவைக் கொடுப்பது நியாயமா?" என்று வழக்குப் போட்டார். 1909இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சங்கப் பணம் அரசியலுக்குப் போகக்கூடாது என்றாகிவிட்டது. நான்கு வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1913இல் வந்த சட்டம் ஒரு வழி காட்டியது. அரசியலுக்கென்று தனி நிதி வேண்டும். அதை வைக்கலாமா என்று அங்கத்தினர் ஓட்டெடுப்பில் முடிவு செய்ய வேண்டும். விருப்பமில்லாதவர் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். ஆஸ்பர்னை நம் தோழர்கள் பலர் துரோகி என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மனமில்லாதவன் கையிலிருந்து பிடுங்கிய காசு எந்த இயக்கத்துக்கும் பலம் தராது.

நம் நாட்டுக்கு வருவோம். 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், சங்கப் பணத்தை அரசியல் காரியத்துக்குச் செலவிட இடம் கொடுக்கவில்லை. ஆகவே தெளிவாகச் சொல்கிறேன்: சங்கத்தின் ரசீதுப் புத்தகம் இந்தக் காரியத்துக்குக் கிடையாது. சங்கத்தின் பெயரும் கிடையாது. சந்தாவிலிருந்து ஒரு காசு தொடக்கூடாது. நாம் வசூலிப்பது தோட்டத்தில் குடியிருப்போர் என்ற முறையில், ஓட்டுரிமை உள்ள பிரஜைகள் என்ற முறையில். பை வேறு, புத்தகம் வேறு, கமிட்டி வேறு.

"தோட்டத்து ஜனங்களிடம் பணம் ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்ந்தவர்கள் யார்? இதே மரம் சீவும் ஜனங்கள்தாம். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அது அரசியல் வசூல் அல்ல. ஆனால் நம்மிடம் பணம் சேராது என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

தேர்தலுக்கு வந்தால், பேராக்கில் சுங்கை சிப்புட் தொகுதியைப் பாருங்கள். டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் அந்த வட்டாரத்துத் தோட்ட மக்களிடையே பல வருஷம் வேலை செய்தவர். 1999இல் நின்றார், தோற்றார். 2004இல் நின்றார், தோற்றார். எதிரே நின்றவர் 1974 முதல் அந்தத் தொகுதியை வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலு. 2008இல் மூன்றாம் முறை நின்று 1,821 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2013இல் மறுபடியும் ஜெயித்தார். 2018இல் தோற்றார். அவருடைய கட்சி உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். நான் சொல்ல வருவது இவ்வளவே: பெரிய இடத்தை எதிர்த்து நிற்க வருஷக் கணக்கில் காலால் நடந்த வேலை வேண்டும். தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு ஒட்டுகிற சுவரொட்டி அதற்கு ஈடாகாது. அத்துடன், சிறு காசு சேர்த்தால் வெற்றி நிச்சயம் என்றும் யாரும் உங்களிடம் வாக்குக் கொடுக்க முடியாது.

சரி, நாம் எப்படிச் செய்வது? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று வந்தது. அந்தச் சம்பளம் வாங்குகிறவர் ஐந்து வெள்ளி கொடுத்தால் வீட்டில் உலை எரியாமல் போகாது. ஆயிரம் பேர் ஐந்து வெள்ளி கொடுத்தால் சட்டமன்ற வைப்புத் தொகை ஆயிற்று. இரண்டாயிரம் பேர் கொடுத்தால் நாடாளுமன்ற வைப்புத் தொகை ஆயிற்று. ஒரு தோட்டத்தில் ஆயிரம் பேர் இல்லை என்பீர்கள். உண்மை. பல தோட்டங்களில் இன்று நம் குடும்பங்கள் சில வரிசை வீடுகளாகச் சுருங்கிவிட்டன. அதனால்தான் பத்துத் தோட்டமும் பக்கத்துக் குடியிருப்பும் சேர வேண்டும் என்கிறேன்.

வசூலிக்கத் தெரியாதவர்களா நாம்? கோவில் திருவிழா வந்தால் வீடு வீடாகப் போகிறோம். சாவு வீடு என்றால் அன்று மாலைக்குள் பணம் சேர்த்துவிடுகிறோம். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் பக்கத்தில் இன்னொருவர் பணத்தை எண்ணுகிறார். எழுதியது பத்தோ நூறோ, பெயர் விடாமல் நோட்டில் ஏறுகிறது. முப்பது வருஷம் கழித்தும் அந்த நோட்டு அலமாரியில் இருக்கிறது. அந்த ஒழுங்கு தேர்தல் பணத்துக்கு மட்டும் ஏன் வரக்கூடாது?

ஆகவே சில விதிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: நம்பர் போட்ட ரசீது இல்லாமல் ஒரு வெள்ளியும் வாங்கக்கூடாது. உண்டியல் வைத்தால் இருவர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும்.

இரண்டு: வாரந்தோறும் வரவு செலவை எழுதிக் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். பால் கொட்டகையில் நிறுவை போடும்போது முள்ளிலிருந்து கண்ணை எடுக்கிறோமா? அதே கண்ணால் இந்தக் கணக்கையும் பாருங்கள்.

மூன்று: ஒருவர் இவ்வளவுக்கு மேல் கொடுக்க முடியாது என்று முதல் நாளே வரம்பு வையுங்கள். கடைக்காரரோ காண்டிராக்டரோ பெரிய தொகை நீட்டினால், "உங்கள் அன்புக்கு நன்றி, எங்கள் வரம்பு இவ்வளவுதான்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை சொல்லும் தைரியம் இல்லாவிட்டால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

நான்கு: பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்து வசூலிக்காதீர்கள். கொடுக்காதவரை ஏசாதீர்கள். அவருக்கு வேறு கட்சி இருக்கலாம். வீட்டில் நோயாளி இருக்கலாம்.

ஐந்து: மிச்சப் பணம் எதற்குப் போகும் என்பதை வசூலுக்கு முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் மிச்சத்தில்தான்.

பணம் மட்டும் உதவியல்ல. கிராணிமார் செய்யக்கூடிய பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. வாக்காளர் பட்டியலை எடுத்து, நம் ஜனங்களின் பெயர் இருக்கிறதா, எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டு என்று வீடு வீடாகச் சரிபாருங்கள். தாய்மார்கள் சமையலையும் கணக்கையும் கையில் எடுத்துக்கொண்டால் பாதி செலவு குறையும், பாதி சந்தேகமும் குறையும். வாலிபர்களிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஓட்டுரிமை இல்லாத அயல்நாட்டுத் தொழிலாளரிடம் உண்டியலை நீட்டாதீர்கள். ஆனால் அவர் தங்கும் வீட்டின் கூரையும் ஒழுகுகிறது என்பதை நம் வேட்பாளர் மறக்கக்கூடாது.

இன்னொன்று. தேர்தல் நேரத்தில் அரிசி மூட்டை வரும், போத்தல் வரும், மடித்த நோட்டும் வரும். ஓட்டுக்காக அவற்றைக் கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஐம்பது வெள்ளி வாங்கியவரிடம், "அதுதான் அன்றே கொடுத்தாயிற்றே" என்று ஐந்து வருஷம் பதில் வரும். ஐந்து வெள்ளி கொடுத்தவரோ, "என் பணத்தில் போனவரே, கிளினிக் என்ன ஆயிற்று? வீட்டு நிலம் என்ன ஆயிற்று?" என்று கேட்கலாம். ஜெயித்தவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து பணம் கொடுத்தவர்கள் முன் பதில் சொல்ல வேண்டும். இதை வேட்பு மனுவுக்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

தோற்றால் என்ன செய்வது என்று ஒரு சகோதரி காலையில் என்னைக் கேட்டார். தோற்றால் கணக்கை முடித்துச் சுவரில் ஒட்டுங்கள். கொடுத்தவர் பெயர்ப் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள். நம்மோடு நிற்கத் துணிந்தவர்கள் இத்தனை பேர், இன்ன தோட்டத்தில் இருக்கிறார்கள் என்று அந்தப் பட்டியல் சொல்லும். வீட்டைக் காலி செய்யும் நோட்டீசு வரும் நாளில் முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் அதில் இருக்கிறது.

வருகிற சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கூட்டமாக அல்லாமல் குடியிருப்போர் கூட்டமாகக் கூடுங்கள். தோட்டத்துக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்: மரம் சீவுகிறவர் ஒருவர், எழுதப் படிக்கத் தெரிந்த கிராணி ஒருவர், தாய்மார் ஒருவர். முதல் ரசீதை அந்த மூவர் பெயருக்கே கிழியுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போங்கள்.