ஆற்றங்கரைப் பொழுது

சேலத்திற்கு வடகிழக்கே, மஞ்சவாடிக் கணவாயை நோக்கிச் செல்லும் வழியில் குப்பனூர் என்றோர் ஊர் உண்டு. சேர்வராயன் மலையின் அடிவாரம் அது. ஏற்காட்டிற்கு ஏறும் மலைச்சாலைகளுள் ஒன்று இங்கிருந்து புறப்பட்டுக் கொட்டச்சேடு வழியாக மேலே செல்கிறது. சுற்றுலா செல்வோர் பலரும் இவ்வூரைக் கண்ணெடுத்தும் பாராமல் மலையேறி விடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் புரட்டாசித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இவ்வூர்ப் பக்கம் தங்க நேர்ந்தது. அன்று கண்ட ஒன்றைச் சொல்லியே இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

மலையிலிருந்து இறங்கும் ஓடையொன்றில் முழங்கால் அளவுத் தண்ணீர் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. சற்றுக் கீழே ஒரு மடு. சிறுவர் எழுவர் லாரியின் பழைய டியூப் மூன்றைக் காற்றடித்துக் கொண்டுவந்து, ஓடையில் விட்டு, அதன்மேல் அமர்ந்து மடுவரை மிதந்து செல்வதும், மீண்டும் டியூபைத் தலையில் மாட்டிக்கொண்டு மேலே ஓடிவருவதுமாக விளையாடினர். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் ஆசை வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தும் விட்டேன்.

கரைமீது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அப்போதுதான் குரல் கொடுத்தார். "டேய், மேலே மழை கட்டியிருக்குது. கரைக்கு வாங்கடா!"

"இங்கே வெயில்தானே அடிக்குது, தாத்தா?" என்றான் ஒருவன்.

"உனக்கு வெயில், ஓடைக்கு மழை. வாடா மேலே!"

சிறுவர் முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்தனர். முதியவர் வீணாக அஞ்சுகிறார் என்றே நானும் எண்ணினேன். அரைமணி நேரம் கழிந்திருக்கும். தண்ணீரின் நிறம் மாறியது. காய்ந்த சருகும், ஒடிந்த சுள்ளியும், நுரையும் மிதந்து வந்தன. பின்னர், பெருங்காற்று வீசுவது போன்ற ஓர் ஓசை. முழங்கால் அளவு இருந்த ஓடை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மார்பளவு ஆயிற்று. சிறுவர் விளையாடிய மடு இருந்த இடமே தெரியவில்லை. செருப்பைக் கழற்றிய நான் அதனை மீண்டும் மாட்டிக்கொள்ளவும் மறந்து நின்றேன்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஏற்காடு ஏறத்தாழ 4,900 அடி உயரத்தில் உள்ளது. சேலம் நகரமோ 900 அடிக்குச் சற்று மேற்பட்ட உயரத்திலேயே உள்ளது. இடையிலுள்ள நாலாயிரம் அடியை மழைநீர் சில கல் தொலைவுக்குள் இறங்கிக் கடக்கிறது. பாறைச் சரிவில் விழும் நீர் மண்ணில் ஊற நேரமின்றி ஓடைகளில் ஒருங்கே திரள்கிறது. ஆகவே, அடிவாரத்து ஓடையில் நிற்பவன் தன் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்துப் பயனில்லை. மலையின் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்க்கவேண்டும். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செண்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலைச்சாலைகளில் மண் சரிந்தது. இம்மலையில் தோன்றிச் சேலம் நகரின் ஊடே செல்லும் திருமணிமுத்தாறு, மற்ற நாளில் சாக்கடை என்று ஏளனம் செய்யப்படும் ஆறு, அன்று கரைபுரண்டு ஓடித் தன்னை ஆறென்று நினைவூட்டிற்று.

அவ்வாண்டு மே 17 அன்று பழைய குற்றால அருவியில் நிகழ்ந்ததும் இத்தகையதே. கோடை விடுமுறைக் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தபோது மலைமீது பெய்த மழையால் வெள்ளம் திடீரெனப் பாய்ந்தது. மக்கள் அலறிக்கொண்டு ஓடினர். பதினேழு வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். உங்களுள் பலருக்கு அதே வயது.

இனி அந்த டியூபைப் பற்றிச் சிறிது பேசுவோம். நம் நாட்டார் நீச்சல் பழகச் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினர். லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற சங்ககிரியும் நாமக்கல்லும் அருகிருக்கும் இவ்வட்டாரத்தில், சுரைக்குடுக்கையின் இடத்தை லாரி டியூப் பிடித்துக்கொண்டது. கிணற்று நீரில் இரண்டும் நல்ல துணையே. கிணற்று நீர் நம்மை எங்கும் கொண்டுபோவதில்லை. கரையில் பெரியவர் ஒருவர் கயிற்றுடன் நிற்கிறார். ஓடும் நீரில் நிலைமை வேறு. டியூப் மிதக்கும், ஆனால் செல்லும் இடத்தை அது முடிவு செய்வதில்லை, அதன்மேல் இருப்பவனும் முடிவு செய்வதில்லை. ஆறுதான் முடிவு செய்கிறது. பாறையில் மோதினால் டியூப் ஒரு நொடியில் கவிழும். வழுக்கும் ரப்பரைப் பற்றிக்கொள்ளப் பிடி கிடையாது. பஞ்சர் ஒட்டிய இடம் நடு ஆற்றில் பிரிந்தால் கேட்கவே வேண்டாம். நீந்தத் தெரியாதவனை அந்த டியூப் நீந்தத் தெரிந்தவனைப் போலத் துணிவு கொள்ளச் செய்கிறது. அதனை நான் அஞ்சுவது இதனால்தான்.

அயல்நாடுகளில் இவ்விளையாட்டு பெருந்தொழிலாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ பிரான்பெல்ஸ் என்னும் ஊரில் கோமல், குவாடலூப் ஆகிய ஆறுகளில் கோடைதோறும் மக்கள் திரள்திரளாக டியூபில் மிதந்து செல்கின்றனர். ஏறுமிடம், இறங்குமிடம் எல்லாம் வகுத்திருக்கின்றனர்; நீரோட்டம் ஓர் அளவுக்கு மேற்பட்டால் ஆற்றை மூடிவிடுகின்றனர். அத்தனை ஒழுங்குள்ள அந்நாட்டிலேயே, அதே குவாடலூப் ஆற்றின் மேற்பகுதியில், 2025 ஜூலை 4 விடியற்காலையில் பெய்த பெருமழையால் நீர்மட்டம் முக்கால் மணி நேரத்தில் ஏறத்தாழ 26 அடி உயர்ந்தது. கரையோர விடுதிகளிலும் மாணவியர் முகாமிலும் உறங்கிக்கொண்டிருந்தோர் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குப்பனூர் ஓடையும் குவாடலூப்பும் அளவில் மலையும் மடுவும் போன்றவை. ஆயினும் இரண்டிலும் கீழே இருந்தவர்க்கு மேலே பெய்த மழை முன்கூட்டித் தெரியவில்லை.

சேலத்து மக்கள் ஆற்றங்கரைப் பூங்கா என்றவுடன் நினைப்பது மேட்டூரையே. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை அது. அன்றைய ஆளுநரின் பெயரால் அதன் நீர்த்தேக்கம் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்பட்டது. அணையின் கீழுள்ள பூங்காவிற்கு விடுமுறை நாளில் செல்லுங்கள். காவிரியில் நீராடி, அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கலிட்டு, கிடா வெட்டிச் சமைத்து உண்டு, பிற்பகலில் மரநிழலில் படுத்திருக்கும் குடும்பங்களைக் காணலாம். வறுத்த மீனின் மணம் வழியெல்லாம் துணைவரும். ஆடிப்பெருக்கன்று நிற்க இடமிராது. புதுமணப் பெண்கள் தாலிச்சரடு மாற்றிக்கொள்ளும் கரை அது. அங்கே செல்லாதீர் என்று எவர் சொன்னாலும் நான் ஒப்பேன்.

ஆனால் மேட்டூரில் ஒரு நுட்பம் உண்டு. அங்கே வெள்ளத்தை மலைமழை மட்டும் கொண்டுவருவதில்லை. மனிதன் திறக்கும் மதகும் கொண்டுவருகிறது. நாளேடுகளில் 'கன அடி' என்று படிக்கிறீர்கள். நொடிக்கு ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். நொடிக்கு 10,000 கன அடி திறந்தால், நீங்கள் 'ஒன்று' என்று சொல்வதற்குள் 2,80,000 லிட்டருக்கு மேல் உங்களைக் கடந்து போகிறது. ஏறத்தாழ 22,000 கன அடி வரையில் மின்நிலையங்களின் வழியே வெளிவரும். அதற்கு மேற்பட்ட உபரிநீர் பதினாறு கண் மதகின் வழியே வெளிவரும். 2018 ஆகஸ்டில் இரண்டு லட்சம் கன அடி அளவுக்கு நீர் வெளியேறியது. அந்தப் பதினாறு கண் மதகின் கீழுள்ள பாறைப் படுகை ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். குட்டைகளில் தேங்கிய நீரில் சிறுவர் குளிப்பர். பெரியவர் பாறைமேல் நின்று படம் எடுப்பர். அணை நிரம்பும் நாளில் அதே பாறைமேல் ஆறு பாயும். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கேட்டபின்பும், "இன்னும் ஒரு முழுக்கு" என்று நிற்பவரை நான் கண்டிருக்கிறேன். அந்த ஒரு முழுக்குத்தான் அஞ்சத்தக்கது.

நீரின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் வலிமை நான்கு மடங்காகிறது என்பதை இயற்பியல் வகுப்பில் கற்றிருப்பீர்கள். அதனால்தான் விரைந்தோடும் நீர் முழங்கால் அளவு இருந்தாலும் வலிமைமிக்க ஆளையும் சாய்த்துவிடுகிறது. சாய்ந்தவுடன் எழுந்து நிற்க முயல்வதே இயல்பு, அதுவே பெருந்தவறு. பாறை இடுக்கில் கால் சிக்கினால் ஓட்டம் உடலை முன்னே அழுத்தித் தலையை நீருக்குள் அமிழ்த்தும். மல்லாந்து, கால்களை நீர் செல்லும் திசையில் நீட்டி, பாதம் மேலே தெரியுமாறு மிதந்து, கைகளால் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வருவதே வழி. வீழ்ந்த மரமோ முள்வேலியோ எதிர்ப்பட்டால் மட்டும் அதனை விட்டு முழு வலிமையுடன் நீந்தி விலகவேண்டும். கிளைகளின் ஊடே நீர் போய்விடும், மனிதன் போகமாட்டான்.

தடுப்பணைகளைப் பற்றியும் ஒரு சொல். ஊர்தோறும் அவை எழுந்துள்ளன. மேலிருந்து நோக்கினால் வழவழப்பான நீர்த்திரை. சறுக்கி விளையாட அழைப்பது போலத் தோன்றும். வெள்ள நாளில் அதன் அடியில் நீர் சுழன்று மீண்டும் சுவரை நோக்கியே திரும்புகிறது. அச்சுழலில் விழுந்த மரக்கட்டை மணிக்கணக்கில் அங்கேயே உருண்டுகொண்டிருக்கும். மனிதனையும் டியூபையும் அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

லைப் ஜாக்கெட் எனப்படும் மிதவைச் சட்டை டியூப் போன்றதன்று. டியூப் கையை விட்டுப் போகும். சட்டை உடலோடு இருக்கும். 2015 டிசம்பரில் ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தினர் பலர் மாண்ட செய்தியை மறந்திருக்கமாட்டீர்கள். இன்று அங்கே பரிசல் ஏறுமுன் சட்டை தருகின்றனர். வாங்கி மடிமேல் வைத்துக்கொள்ளும் கல்லூரி மாணவரைப் பார்த்தால் எனக்குச் சினம் வருகிறது. கொக்கிகளையும் வார்களையும் இறுக மாட்டாத சட்டை நீரில் தலைவழியே கழன்றுவிடும்.

நண்பன் மூழ்குவதைக் கண்டால் என்செய்வது? மனம் பதறும், குதிக்கத் தோன்றும். காப்பாற்றச் சென்றவரும் சேர்ந்து மாண்ட செய்தியைக் கோடைதோறும் நாளேட்டில் படிக்கிறோம். மூழ்குபவன் கையில் அகப்பட்டதைக் கட்டிப்பிடிப்பான், அவன்மேல் பிழையில்லை. ஆகவே கரையிலிருந்தே கழியை நீட்டுங்கள், கயிற்றை வீசுங்கள். இல்லையேல் வேட்டியோ புடவையோ முறுக்கி எறியுங்கள். காற்றடைத்த டியூபை நான் மனமாரப் புகழ்வது இந்த ஓரிடத்தில்தான்: கயிறு கட்டி வீசினால் அது உயிர்காக்கும். நீந்தத் தெரிந்த பெரியவரைக் கூவி அழையுங்கள்; 108க்குச் சொல்லுங்கள். மூழ்குபவன் திரைப்படத்தில் போலக் கையசைத்துக் கத்துவதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். வாய் நீர்மட்டத்தில் இருக்க, மூச்சுக்கே போராடுபவனுக்குக் குரல் ஏது? உடன் வந்தவன் திடீரென அமைதியானால் உடனே திரும்பிப் பாருங்கள்.

சென்ற ஆண்டு மீண்டும் குப்பனூர்ப் பக்கம் போயிருந்தேன். ஆடு மேய்த்த முதியவரைக் காணவில்லை. வெயிலுக்கு அஞ்சி வீட்டோடு இருக்கிறார் என்றனர். ஓடையில் அதே விளையாட்டு. சிறுவர் சற்று வளர்ந்திருந்தனர், டியூபில் ஒட்டுகள் கூடியிருந்தன. ஒருவன் மட்டும் நீரில் இறங்காமல், கரையில் ஒரு பாறைமேல் மலையை நோக்கி அமர்ந்திருந்தான். பக்கத்தில் கிணற்றுக் கயிறு ஒரு சுருள் கிடந்தது. "நீ விளையாடவில்லையா, தம்பி?" என்று கேட்டேன்.

மலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இப்போ என் முறைங்க, ஐயா. அடுத்தது அவன் வந்து உட்காருவான்" என்றான்.