முதலில் அனுப்பியவர் யார்?

ஒரு வாட்ஸ்அப் செய்தியை இந்தியாவில் முதலில் அனுப்பியவர் யார் என்று நீதிமன்றமோ அரசின் உரிய அதிகாரியோ கேட்டால், நிறுவனம் கண்டுபிடித்துச் சொல்லியாக வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(2) இப்படி ஆணையிடுகிறது. அதே ஆண்டு மே மாதம் வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் செய்தியைப் படிக்க முடியாதபடி காக்கும் மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டு வெளியேறுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் அங்கே சொன்னார். அந்த நிறுவனத்தின் லாப நட்டம் நமக்கு முக்கியமில்லை. நம் வீட்டுப் பேச்சு யார் கையில் இருக்கும் என்பதுதான் கேள்வி.

அரசுத் தரப்பிலும் நியாயம் உண்டு. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி 2018-இல் செல்பேசிகளில் பரவி, தமிழ்நாட்டிலும் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். செய்தியைக் காட்டச் சொல்லவில்லை, அனுப்பியவரைத்தான் கேட்கிறோம், அதுவும் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்கிறார்கள். ஆனால் எந்தச் செய்தி நாளை வழக்காகும் என்று இன்று யாருக்குத் தெரியும்? ஒருவரைப் பிடிக்க, எல்லோருடைய எல்லாச் செய்திக்கும் இப்போதே அடையாளம் இட்டு வைக்க வேண்டும். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதே கேள்வி எழுந்தபோது, செய்தியோடு அனுப்புநரின் அடையாளத்தைச் சேர்க்க முடியும் என்றார் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி. அந்த அடையாளத்தைப் போலியாக உருவாக்கலாம் என்று மறுத்தார் மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன். போலி செய்யத் தெரிந்த குற்றவாளி தப்பிப்பார். எங்கோ பார்த்ததை நகலெடுத்து அனுப்பிய குடும்பத் தலைவி மாட்டிக்கொள்வார். வெளிநாட்டிலிருந்து வந்த செய்தி என்றால், இந்தியாவில் முதலில் பகிர்ந்தவரையே மூலகர்த்தாவாகக் கருத வேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது!

நல்ல அரசு தவறாகப் பயன்படுத்தாது என்பார்கள். அரசு நல்லதாகவே இருக்கட்டும். வழி திறந்திருந்தால் வேறொருவர் நுழைவார். கிரேக்க நாட்டில் 2004, 2005-இல் அதுதான் நடந்தது. சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காகத் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்த வசதியை யாரோ ரகசியமாக இயக்கி, பிரதமர் கரமன்லிஸ் உட்பட சுமார் நூறு பேரின் பேச்சைக் கேட்டார்கள்.

அப்படியானால் காவல்துறை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம். செய்தி கிடைத்தவர் புகார் தரலாம். நீதிமன்ற அனுமதியோடு சந்தேக நபரின் செல்பேசியைச் சோதிக்கலாம். 2018-இல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் வரம்பு வைத்தது. அதற்கு யாரையும் வேவு பார்க்கத் தேவைப்படவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்துவிட்ட நாட்டில் 4(2) நீடிக்கக் கூடாது. அதை நீக்கச் சொல்லி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.