தூக்க மாத்திரையும் நம் இரவுகளும்

நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் வருடக்கணக்கில் அல்பிரசோலம் போட்டுத்தான் தூங்குகிறார்கள். பக்கத்து வீட்டுக்கும் இரண்டு கொடுத்தனுப்புகிறார்கள்! சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். இரவில் எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்தும் உண்டு. அதற்காக நாமே திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையே பழக்கத்தை மாற்றுவதுதான். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் ஃபஜ்ருக்கு எழுந்துவிடுவோம். தொழுதுவிட்டு மறுபடி 9 மணிவரை படுத்தால் இரவுத் தூக்கம் தள்ளிப்போகும். லுஹருக்குப் பின் 20 நிமிடம் கண்ணயர்ந்தால் போதும். இரவில் தூக்கம் வராமல் புரண்டால் படுக்கையை விட்டு எழுந்து திக்ரு செய்வோம். கண் சொக்கியதும் திரும்புவோம். முதல் சில நாட்கள் பகலில் அசதி கூடும்; அப்போது வண்டி ஓட்டுபவர்கள் கவனம்.